"பச்சை குத்தியிருந்தாலும் நல்லவர்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

வாசகியின் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறான். போன மாதம் அவனைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சனத்துக்குள் அவனுடைய செருப்பு ஒன்று கழன்று பின்னுக்கு விடுபட்டுவிட்டது. மரக்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெடியன் அதை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். இரண்டு கையிலும் தோள்வரை பச்சை, கழுத்திலும் ஏதோ எழுத்து. மகன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, ரவுடி, ரவுடி" என்று கத்தினான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்படிச் சொல்லக்கூடாது, அந்த அண்ணா உதவிதானே செய்தவர்" என்று மகனை ஏசினேன். அதற்கு அவன், "அப்ப ஏன் அம்மா நீங்கள் என்ர கையைப் பிடிச்சு இழுத்தனீங்கள்?" என்று கேட்டான். நான் இழுத்தது எனக்கே நினைவில்லை.

இன்னொரு விஷயம். என் தம்பி பதினொரு வருடத்துக்குப் பிறகு மார்கழியில் சுவிஸில் இருந்து வருகிறான். அவனுடைய கைகளிலும் முதுகிலும் பச்சை இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வீடியோவில் கதைக்கும்போது முழுக்கைச் சட்டையோடுதான் இருப்பான். எங்களோடு இருக்கும் அம்மா, பச்சை குத்தின பெடியங்களைக் கண்டால் "காவாலிகள்" என்றுதான் சொல்லுவா. தம்பி வரமுன் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? வாள்வெட்டுக்காரர் திரிகிற ஊரில், ஒருவரையும் சந்தேகப்படாதே என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பியை, வந்து நிற்கிற நாட்களில் கையை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லலாமா?

ஒரு தாய், கோண்டாவில்

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் மகன் கேட்ட அந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன். அவன் உங்களை மடக்குவதற்காக அதைக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அம்மாவின் வாய் ஒன்றைச் சொல்கிறது, அம்மாவின் கை வேறொன்றைச் சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்கிறான். பிள்ளைகள் இப்படியான நேரத்தில் கையைத்தான் நம்புவார்கள்.

அம்மம்மா "காவாலி" என்று சொல்வதால்தான் பிள்ளைக்கு இது வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஒரு சொல்லும் இல்லாமலே பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். 2017இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவர் இரண்டு பேருக்கு வணக்கம் சொல்கிறார். சொல்லும் வார்த்தை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவரிடம் முகம் மலர்ந்து, கிட்டச் சாய்ந்து சொல்கிறார். மற்றவரிடம் முகத்தைச் சுருக்கி, பின்னுக்கு விலகிச் சொல்கிறார். பிறகு, உனக்கு யாரைப் பிடிக்கும், இந்த விளையாட்டுச் சாமானை யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்டபோது, முகம் மலர்ந்து பேசப்பட்டவர் பக்கமே பெரும்பாலான பிள்ளைகள் சாய்ந்தார்கள். அவருடைய நண்பர் என்று, அதே நிறச் சட்டை போட்ட ஒருவரைக் காட்டியபோதும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சில வினாடி நேரத்து முகமும் உடம்பும் அவ்வளவு வேலை செய்கிறது. சந்தையில் உங்கள் கை இழுத்ததும் சில வினாடிதான்.

இதை வாசித்துவிட்டு உங்களை நீங்களே ஏசிக்கொண்டு இருக்காதீர்கள். அந்த இழுப்புக்குக் காரணம் இருக்கிறது. வாளோடு வீட்டுக்குள் புகுந்து அடித்து உடைத்த கதைகளைக் கேட்டுக்கொண்டுதான் நாமெல்லாரும் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறோம். பிடிபட்டவர்களின் படங்கள் தொலைபேசியில் வரும்போது கையில் உள்ள பச்சையும் சேர்ந்து வருகிறது. வாளையும் பச்சையையும் கண் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்துவிடுகிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் இனி உங்களுடைய வேலை. அதற்கு முதல் படியாக, மகன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் சொல்லாத பதிலைச் சொல்லுங்கள். ஒரு மாதம் கடந்தாலும் பரவாயில்லை. இரவு படுக்கும்போது, விளக்கு அணைத்த பிறகு சொன்னாலும் சரி. "அண்டைக்கு நான் உன்ர கையை இழுத்தனான். எனக்குப் பயம் வந்திட்டுது. அந்த அண்ணா என்ன கொண்டுவாறார் எண்டு நான் பார்க்கேல்லை, அவற்ற கையில இருந்த பச்சையைத்தான் பார்த்தனான். அது என்ர பிழை." இவ்வளவும் போதும். இதற்கு மேல் புத்திமதி ஒன்றும் சேர்க்காதீர்கள். அம்மாவும் பிழையாகப் பார்ப்பா, பிறகு திரும்பிப் பார்ப்பா என்பதை ஒரு பிள்ளை காண்பது பெரிய விஷயம்.

அடுத்ததாக ஒரு சின்னச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நல்ல மனம் உள்ள பெற்றோர்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள். தம்பி வரமுன் நீங்கள் மகனிடம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப் போகிறீர்கள்: "மாமா கையில பச்சை குத்தியிருந்தாலும் நல்லவர்." நானும் பல வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். பச்சை குத்தியிருந்தாலும் படித்தவன். பச்சை குத்தியிருந்தாலும் தாய் தகப்பனைப் பார்க்கிறான். அந்த "ஆலும்" என்ன செய்கிறது என்று பாருங்கள். "மழை பெய்தாலும் பள்ளிக்கூடம் உண்டு" என்றால், மழை ஒரு தடை என்பதை முதலே ஒப்புக்கொண்டுவிட்டோம். "குத்தியிருந்தாலும் நல்லவர்" என்றால், குத்தினவர்கள் வழமையில் நல்லவர்கள் இல்லை, உன் மாமா மட்டும் விலக்கு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். பிள்ளை மாமாவைக் கட்டிப்பிடிப்பான், அடுத்த நாள் சந்தையில் இன்னொருவரைப் பார்த்து ரவுடி என்று கத்துவான். விலக்கு கொடுத்தது மாமாவுக்கு மட்டும்தானே.

சொல்வதானால் இரண்டையும் தனித்தனி வசனமாகச் சொல்லுங்கள். மாமாவுக்குக் கையில் பச்சை இருக்கிறது. மாமாவுக்கு மீன்குழம்பு விருப்பம். மாமா சின்னனில் உன்னைப்போலத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுவார். இப்படி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, முடிச்சுப் போடாமல்.

இதே மாதிரி இன்னொன்று "காரன்". ஓட்டோக்காரன், ரியூசன்காரன் என்று தொழிலுக்குச் சொல்லும்போது பெரிய பிழையில்லை. குடிகாரன், டாட்டூக்காரன் என்று ஒருவருடைய முழு ஆளையும் அந்த ஒன்றுக்குள் அடைக்கும்போதுதான் வில்லங்கம். 1999இல் கெல்மன், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, இந்தப் பிள்ளை முடிந்த போதெல்லாம் கரட் சாப்பிடும் என்று சொன்னார்கள். மற்றக் கூட்டத்துக்கு அதே பிள்ளையைக் "கரட் தின்னி" என்று பெயர் வைத்துச் சொன்னார்கள். பெயராகக் கேட்ட பிள்ளைகள், அவள் வளர்ந்த பிறகும் அப்படித்தான் இருப்பாள், வீட்டில் யாரும் தடுத்தாலும் மாறமாட்டாள் என்று கூடுதலாக நினைத்தார்கள். கரட்டுக்கே இப்படி என்றால், "காவாலி" என்ற சொல் எட்டு வயது மனதுக்குள் போய் எப்படி உறைந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போது நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம். "எந்தப் பெடியன் அம்மா? என்ன செய்தவன்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை, கடையில் நின்றவன் என்றால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். "கடையில நிண்டவர்." மகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

இனி, பலர் எனக்குச் சொல்லும் ஒரு யோசனையைப் பற்றி. ஒவ்வொரு பச்சைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, அதைப் பிள்ளைக்குச் சொன்னால் மதிப்பு வரும் என்பார்கள். சில பச்சைகளுக்குப் பின்னால் கதை உண்டுதான். என்னிடம் வந்த ஒருவர் தீக்காயத் தழும்பின் மேல் ஒரு மரத்தைக் குத்தியிருந்தார். இன்னொருவர் தாயின் பெயரைக் குத்தியிருந்தார், 2009க்குப் பிறகு தாயின் படம் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் சிநேகிதரோடு போய், கடைச் சுவரில் தொங்கின படங்களில் ஒன்றைக் காட்டிக் குத்திக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். வடிவாக இருந்தது, குத்தினேன் என்பார்கள். அவர்களுக்கும் அதே மரியாதைதான் உரியது. நல்ல காரணம் சொன்னால்தான் மதிப்போம் என்றால், அது ஒரு சோதனைச் சாவடியைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போடுவது.

சோதனைச் சாவடி என்று யோசிக்காமல் எழுதவில்லை. என் அண்ணாவுக்கு நாலு வயதில் கொதிகஞ்சி கவிழ்ந்து தோளிலும் முதுகிலும் பெரிய தழும்பு. 1996க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இளைஞராக இருந்தவர்களுக்கு, சாவடியில் இராணுவம் சட்டையைக் கழற்று என்றால் என்ன பொருள் என்று தெரியும். தழும்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன், காயப்பட்டவன். அண்ணா துவக்கைத் தொட்டதும் இல்லை. அம்மா ஒரு டாக்குத்தரிடம் போய், இது சுடுகஞ்சித் தழும்பு என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தா. அண்ணாவின் பேர்சுக்குள் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் அது வருடக்கணக்காக இருந்தது. தன் தோலுக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம் கொண்டு திரிந்தார். இப்போது ஐம்பது கடந்துவிட்டது. இன்றைக்கும் கீரிமலைக் கேணிக்குப் போனால், எல்லாரும் இறங்கின பிறகுதான் அவர் சட்டையைக் கழற்றுவார்.

எங்களுடைய சனத்துக்கு இது புதிதில்லை. 83 கலவரத்தில் கொழும்பில் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு ஓடின பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். உடம்பில் உள்ள ஒரு அடையாளத்தைக் கண்டு, மிச்சம் எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவரின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதே பார்வையை நம் பிள்ளைகளின் கண்ணுக்குள் நாமே வைத்துவிடக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம். பார்த்ததையே பிழையாகப் படித்த கதையும் இந்த நாட்டில் உண்டு. உங்கள் தம்பி வந்து இறங்கப்போகிற அதே கட்டுநாயக்க விமான நிலையத்தில், 2014 சித்திரையில் ஒரு பிரித்தானியப் பெண்ணைப் பிடித்தார்கள். அவருடைய மேல்கையில் தாமரையில் இருக்கும் புத்தர். அவமதிப்பு என்று தடுத்து வைத்து நாடு கடத்தினார்கள். அவரோ பௌத்தத்தில் ஈடுபாடு உள்ளவர். அவர் வழக்குப் போட்டு, 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடும் வழக்குச் செலவுமாக 8 இலட்சம் ரூபா கொடுக்கச் சொல்லித் தீர்த்தது.

உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவவின் தலைமுறையில், இந்த முகச்சுளிப்புக்குள் ரவுடிப் பயம் மட்டும் இல்லை. மலையகத்து வயதான பெண்களின் முன்கைகளில் கோலம் போல, புள்ளியும் கோடுமாகப் பச்சை இருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறினவர்களில் அப்படியான ஆச்சிமார் இருந்தார்கள். அவர்களை யாழ்ப்பாணத்தார் எப்படி நடத்தினோம் என்பது நமக்குத் தெரியும். "எங்கட ஆக்கள் உதெல்லாம் குத்துறேல்லை" என்று பெருமையாகச் சொல்வதற்குள் அந்தப் பழைய மேட்டிமை இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். அம்மாவைத் திருத்துவதற்கு வாதம் உதவாது. தேர்த் திருவிழாவுக்கு நல்லூருக்குப் போகும்போது, முதுகில் செடில் கொக்கி குத்தி, கயிற்றில் இழுபட்டு ஆடி வரும் காவடிகளைக் கண்டு அவ கைகூப்புவா. அதே பெடியங்கள்தான், சிலருக்கு அதே முதுகில் பச்சையும் இருக்கும். அந்த நினைவில் இருந்து கதையைத் தொடங்குங்கள். பச்சையும் செடிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஊசி ஏறின தோலைக் கண்டவுடன் வெறுப்பு வருவது இயற்கை என்று அவ சொன்னால், அங்கே ஏன் வரவில்லை என்று யோசிக்க ஒரு இடம் கிடைக்கும்.

இனி உங்கள் பயம். அது நியாயமான பயம், அதைத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன். ஒருவரையும் சந்தேகப்படாதே என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆனால் பச்சையைப் பார்த்துப் பயப்படு என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு, பச்சை இல்லாத கை வந்தால் பயம் வராது. என் வேலையில் நான் கண்ட பிள்ளைகளைத் துன்புறுத்தியவர்களில் அதிகம் பேர் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். உறவுக்காரர், அயலவர், படிப்பிக்க வந்தவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வீட்டில் எல்லாருக்கும் மரியாதை. பிள்ளையின் கண்ணைத் தோலில் இருந்து எடுத்து, செய்கைக்குத் திருப்பிவிடுங்கள். இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: பெரிய ஆட்களுக்கு உதவி தேவை என்றால் பெரிய ஆட்களிடம்தான் கேட்பார்கள். உன்னிடம் வந்து, நாய்க்குட்டியைக் காணவில்லை, தேட வா என்று யார் கேட்டாலும் போகாதே. "அம்மாவுக்குச் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை உடனே அம்மாவுக்குச் சொல்லு. உன் உடம்பைத் தொடுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மாமாவாக இருந்தாலும் சரி, சேராக இருந்தாலும் சரி, வேண்டாம் என்று சொல்லலாம். முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வந்து ஒழுங்கைக்குள் சத்தம் போட்டால், கிட்டடியில் உள்ள வீட்டுக்குள் ஓடிப் போ. இவை ஒன்றுக்கும் கையில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் பாடமாக்கி வையுங்கள். பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

பயத்தை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். எட்டு வயதுக்கு மிக நன்றாகப் பொருந்துவது விடுப்பு, என்ன ஏது என்று அறிகிற ஆவல். பச்சை ஏன் கழுவினாலும் போவதில்லை என்று மகனிடம் கேளுங்கள். பபிள்கம் பைக்கற்றுக்குள் வரும் ஸ்டிக்கர் இரண்டு நாளில் போய்விடுகிறது, இது ஏன் போவதில்லை? ஸ்டிக்கர் தோலின் மேற்படையில் ஒட்டுகிறது, மேற்படை உரிந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். பச்சை குத்தும் ஊசி மையை அதற்குக் கீழே உள்ள படைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே உடம்பைக் காவல் காக்கும் கலங்கள் அந்நியமான மையைக் கண்டு விழுங்கிவிடுகின்றன. ஆனால் அவற்றால் அதைச் செமிக்க முடிவதில்லை. ஒரு கலம் இறந்தால் மை வெளியே வருகிறது, அடுத்த கலம் வந்து அதை விழுங்கிக்கொள்கிறது. 2018இல் பிரான்சில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். மாமாவின் கையில் இப்போதும் அந்தக் காவல் மாறி மாறி நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள், மகன் கையைத் தொட்டுப் பார்க்கக் கேட்பான். இன்னொன்றும் சொல்லலாம். 1991இல் ஆல்ப்ஸ் மலையில், மாமா இருக்கிற நாட்டுக்கு அங்கால், பனிக்குள் இருந்து ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. 5,000 வருடத்துக்கும் முந்தியவர். அவருடைய தோலில் 61 பச்சைகள். பல முழங்காலிலும் கணுக்காலிலும் இடுப்பிலும், மூட்டு நோவு வரும் இடங்களில். வைத்தியத்துக்காகக் குத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள்.

விடுப்பு வந்தால், "நானும் குத்தட்டா?" என்பதும் வரும். பதறாதீர்கள். குத்தினவர்களை மதிப்பதும், நீ இப்போது குத்தக்கூடாது என்பதும் ஒன்றோடொன்று மோதவில்லை. வளர்ந்த பிறகு நீயே யோசித்து முடிவெடுக்கிற விஷயம், அழிப்பது பெரிய வேலை, துப்புரவில்லாத ஊசியால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றும், அதனால்தான் குத்திக் கொஞ்சக் காலத்துக்கு இரத்ததானம் செய்ய விடமாட்டார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். ஊசி அழுக்கா சுத்தமா என்பதைப் பற்றிய கதை அது, ஆளைப் பற்றியது இல்லை.

தம்பியைக் கையை மூடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தங்கை. பதினொரு வருடமாக வீடியோவில் மூடிக்கொண்டுதான் இருக்கிறான். வெளிநாட்டில் தனியாகக் கிடந்து, அம்மாவோடு கதைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சட்டைக்கையை இழுத்து விடுகிற ஒரு பிள்ளையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அதோடு, எப்படியும் மூடவும் முடியாது. வந்த மறுநாள் அம்மா அவனை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போவா. அங்கே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. வீதி முழுக்கச் சனம் நிற்க, முதல் முதலாக அம்மா மகனின் முதுகைக் காண்பது அந்த வாசலில் வேண்டாம். அது இரண்டு பேருக்கும் கொடுமை.

ஆனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை. அவனுடைய உடம்பு, அவன்தான் சொல்ல வேண்டும். சந்தையில் நடந்ததையும் மகன் கேட்டதையும் ஒளிக்காமல் தம்பிக்குச் சொல்லுங்கள். வரமுன்னமே அம்மாவிடம் சொல்லிவிடு, நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லுங்கள். அம்மா அழுவா, இரண்டு நாள் கதைக்காமல் விடுவா. மார்கழிக்கு முன்னம் அந்த இரண்டு நாளும் கழிந்துவிடட்டும். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அரைக்கைச் சட்டையோடு வீடியோவில் வரட்டும். மகன் பார்க்கட்டும், கேட்கட்டும். நொந்ததா, எவ்வளவு நேரம் எடுத்தது, ஏன் இதைக் குத்தினீங்கள், இப்ப பிடிக்குதா? தம்பிக்கு ஏதாவது ஒன்றில் இப்போது விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லட்டும். விமான நிலையத்தில் இருந்து வந்து இறங்கும்போது, மகனுக்கு அவன் பழைய ஆளாகியிருப்பான். அப்போதும் மகன் ஒதுங்கி நின்றால் தள்ளிவிட வேண்டாம். பதினொரு வருடம் காணாத மாமா எவருக்கும் பிள்ளைகள் முதல் நாள் ஒதுங்கித்தான் நிற்பார்கள், அதற்குப் பச்சையைக் காரணம் காட்டாதீர்கள்.

கடைசியாக அந்தச் சந்தைப் பெடியன். நீங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதின இடத்தில் எல்லாம் "வந்தார்", "போய்விட்டார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கவனித்தீர்களோ தெரியாது. மூட்டை இறக்குகிறவர் என்றால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நிற்பார். அடுத்த முறை மகனோடு போகும்போது, சனம் குறைந்த நேரமாகப் பாருங்கள். மகனை மன்னிப்புக் கேள் என்று முன்னுக்குத் தள்ளாதீர்கள், பரிசு ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், கையில் உள்ள பச்சையைப் பற்றியும் ஒன்றும் கேட்காதீர்கள். "தம்பி, அண்டைக்குச் செருப்பு எடுத்துத் தந்தனீங்கள். நாங்கள் ஒண்டும் சொல்லாமல் போயிட்டம். எனக்கு மனவருத்தமாப் போச்சு." அவர் சிரிக்கலாம், அல்லது சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கலாம். அவர் என்ன செய்தாலும் உங்கள் வேலை அதோடு முடிந்தது. அவ்வளவு நேரமும் மகனின் கை உங்கள் கைக்குள் இருக்கும். இறுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா